கரட்டுப்பாளையம் எடைமேடையில் நூற்று முப்பது கிலோ

கரட்டுப்பாளையத்தில் செங்கோட்டுவேலு எடை இழக்க ஆரம்பித்தது ஆவணி பிறந்த முதல் செவ்வாய்க்கிழமை என்று ஒரு கட்சியும், இல்லவே இல்லை, புதன்கிழமைதான், அன்றைக்குத்தான் பஞ்சு ஏற்றிய லாரி ஒன்று மேடை நடுவில் நின்றுபோய் பத்துப் பேர் சேர்ந்து தள்ளினோம் என்று இன்னொரு கட்சியும் இன்றுவரை டீக்கடையில் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கின்றன. எடை இழந்தார் என்பதில் மட்டும் ஒருவருக்கும் சந்தேகம் கிடையாது, ஏனென்றால் அதைச் சொன்னது மனிதர் வாய் இல்லை, லாரிகளை நிறுத்தி எடை பார்க்கிற அறுபது டன் எடைமேடை, அது பிறந்ததிலிருந்து பொய் சொன்னதில்லை.

அந்த மேடையைச் செங்கோட்டுவேலும் அவர் மனைவி மயிலாத்தாளும் பதினேழு வருஷமாக நடத்திவந்தார்கள். கண்ணாடி அறைக்குள் மயிலாத்தாள் உட்கார்ந்து மைக்கில், "டிரைவர் எறங்கி நில்லுங்க, கிளீனர் எறங்கி நில்லுங்க, அந்தக் கோழியவும் எறக்குங்க" என்று சொல்வாள், சிவப்பு எண்கள் ஓடி ஓடிக் களைத்து ஓரிடத்தில் நிற்கும், சீட்டு கிர்ரென்று வெளியே வரும். பத்துப் பத்துக் கிலோவாகத்தான் அந்த மேடைக்கு எண்ணத் தெரியும், அதற்குக் கீழே உள்ள சில்லறை வித்தியாசங்களை அது மனிதர்களின் மனசாட்சிக்கு விட்டுவிடும். ஆயுத பூஜையன்று மட்டும் மேடையைக் கழுவி, பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்த கையோடு புருஷனும் பெண்சாதியும் ஜோடியாக ஏறி நின்று ஒரு சீட்டு எடுப்பார்கள். அதுதான் அவர்களுக்கு வருஷத்தின் முதல் சீட்டு. எழுபது அவர், அறுபது அவள், சேர்த்து நூற்று முப்பது. பதினேழு சீட்டும் சாமி படத்துக்குக் கீழே கம்பியில் குத்தித் தொங்கின.

செங்கோட்டுவேலு நல்ல மனிதர்தான், ஆனால் கோபம் என்று ஒன்று வரும், வந்தால் தட்டு பறக்கும். குழம்பில் உப்பு கூடினால் ஒரு தட்டு, கரண்டு போனால் ஒரு தட்டு, அவர் தங்கச்சி போன் செய்து வைத்த பிறகு கட்டாயம் ஒரு தட்டு. ரத்தக் கொதிப்பு நூற்றெண்பதைத் தொட்டபோது டாக்டர் தியானம் பழகச் சொன்னார், அவரும் திருச்செங்கோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த மூன்று நாள் முகாமுக்குப் போய் வந்தார். அங்கே சால்வை போர்த்திய ஒரு பயிற்சியாளர், "சுமையெல்லாம் இறக்கி வையுங்கள், இறக்கி வைத்த இடத்தைத் திரும்பிப் பார்க்காதீர்கள், நாற்பத்தெட்டாம் நாள் முழு விடுதலை" என்று சொல்லியிருந்தார். இந்த இடத்தில்தான் கரட்டுப்பாளையத்துக்காரர் ஒருவர் கோட்டை விட்டார். லாரியை நம்பிப் பிழைக்கிற ஊரில், ஒரு மூட்டை வெங்காயத்தை இறக்கினால்கூட, இறக்கிய இடத்துக்காரர் சீட்டில் கையெழுத்துப் போடாமல் எந்த டிரைவரும் வண்டியைத் திருப்ப மாட்டான். இவர் மட்டும் பிறந்ததிலிருந்து சேர்த்த சுமை அத்தனையையும் தினம் காலை ஐந்து மணிக்குக் கண்ணை மூடி இறக்கிக்கொண்டே போனார், யார் தலையில் இறங்குகிறது என்று ஒரு நாளும் எட்டிப் பார்க்கவில்லை.

முதல் வாரம் மேடை அறுபது காட்டியது. வயிற்றில் பூச்சியாக இருக்கும் என்று வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடுத்தார்கள். இரண்டாம் வாரம் ஐம்பது, குதிகால் தரையில் பாவவில்லை, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசிய ஒரு சாயங்காலம் செருப்பு மட்டும் வீட்டு வாசலில் நிற்க அவர் மூன்று வீடு தள்ளி முருங்கை மரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் டயர் கடை வைத்திருக்கும் குப்பண்ணன் இதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை, பழைய லாரி ஸ்பிரிங்கின் இரும்புப் பட்டாவில் இரண்டு துண்டு வெட்டி, பெல்ட் போலக் கோத்து இடுப்பில் மாட்டிவிட்டு, "வெளியூரு போறப்ப மூணாக் கட்டிக்கப்பா, அக்கட்டால காத்து எச்சு" என்று சொல்லிவிட்டு விட்ட பஞ்சரை ஒட்டப் போனார். நாவிதர் அவரை நாற்காலியோடு சேர்த்துத் துண்டால் கட்டிச் சவரம் செய்தார். மினிபஸ் கண்டக்டர் அவரை மேல் கம்பியில் செருகிக்கொள்ளச் சொன்னார், நிற்க இடம் மிச்சம் என்று பயணிகளும் சந்தோஷப்பட்டார்கள்.

மயிலாத்தாளுக்கு அந்த இரண்டு வாரமும் தலைகால் புரியாத சந்தோஷம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் முறையாக வீட்டில் தட்டு பறக்கவில்லை, தட்டை வைத்திருந்தவர்தான் பறந்தார். சாப்பிட்டுவிட்டு, "நல்லாருக்குது மயிலா" என்றார், சிரித்தார், தங்கச்சி போன் செய்தபோதும் சிரித்தார், சிரித்தபடியே உத்தரம்வரை போய் இடித்துக்கொண்டு அங்கேயும் சிரித்தார். கல்யாணமான புதிதில்கூட அவர் முகம் அப்படி வெளிச்சமாக இருந்ததை அவள் பார்த்ததில்லை. அந்த முகத்தைப் பார்க்கிற ஆசையில், காலையில் எழுந்திருக்கும்போது தன் கால் கொஞ்சம் கனப்பதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த முகத்தை ஊர் ஆண்களும் பார்த்தார்கள், விடுவார்களா? மூன்றாம் வாரம் ஏழு பேர், நான்காம் வாரம் இருபத்து மூன்று பேர், குப்பண்ணன் உட்பட, விடிகாலையில் கோயில் மைதானத்தில் சம்மணம் போட்டுக் கண்ணை மூடினார்கள். கரட்டுப்பாளையம் லேசாகிப்போனது. சரசுவின் டீக்கடைக் கூரையில் எந்நேரமும் நாலைந்து பேர் முதுகு ஒட்டிக் கிடந்தார்கள், டீ ஆறுவதற்குள் அவர்களைக் கீழே இழுக்க முருங்கைக்காய் பறிக்கிற தொரட்டியை அவள் கல்லாவுக்குப் பக்கத்திலேயே சாத்தி வைத்தாள். பிள்ளைகள் அப்பாக்களின் இடுப்பில் கயிறு கட்டி ஏரிக்கரையில் ஓட்டப்பந்தயம் விட்டார்கள். கல்யாணப் பந்தியில் ஆண்கள் வரிசையை ஒரே வடத்தால் பெஞ்சோடு கட்டி, பாயசம் வந்ததும் மறக்காமல் அவிழ்த்து, கை கழுவும் இடம்வரை வரிசையாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். எல்லாரும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள், யாரும் யார்மேலும் வழக்குப் போடவில்லை, ஊர் இவ்வளவு குதூகலமாக இருந்ததாக யாருக்கும் நினைவில்லை.

பெண்கள் சிரித்ததாகத்தான் தெரியவில்லை. கட்டில் கால் ஒடிகிறது என்று தச்சர் வீட்டு வாசலில் கூட்டம் கூடியது. மினிபஸ்ஸில் பெண்கள் பக்கம் சாய்ந்து பின் சக்கரம் உரசியது. டாக்டர் எல்லாருக்கும் தைராய்டு பரிசோதனை எழுதிக் கொடுத்தார், எல்லாருக்கும் சரியாகவே வந்தது, அப்படியானால் நடங்கள் என்றார். நடந்தார்கள், புதிதாகப் போட்ட தார் ரோட்டில் மாரியம்மன் கோயில்வரை பாதச் சுவடு பதிந்தது. கூரையில் கிடந்த ஆண்கள் அன்போடு, "சோத்தைக் கொறைச்சுச் சப்பாத்தி தின்னா எறங்கிரும்" என்று யோசனை சொன்னார்கள்.

ஐந்தாம் வாரம் ஒரு மத்தியானம் சரசு கண்ணாடி அறைக்கு டீ கொண்டுவந்தாள். "அக்கா, ஊர்ல அத்தன பொம்பளைகளும் ஊதிக் கெடக்கறாங்க, எனக்கு மட்டும் ஒரு கிலோ ஏறுலியே, அது ஏனுங்க்கா?" என்று கேட்டாள். சரசுவின் வீட்டுக்காரர் லாரி விபத்தில் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. மயிலாத்தாள் டீயைக் கீழே வைத்தாள். எழுந்து, படியைப் பிடித்துப் பிடித்து இறங்கி, மேடையில் ஏறினாள்.

"நூத்திப் பத்துங்க்கா" என்று உள்ளேயிருந்து சரசு மைக்கில் சொன்னாள். காலையில் செங்கோட்டுவேலு இருபது காட்டியிருந்தார். கூட்டுவதற்கு மயிலாத்தாளுக்குக் கம்ப்யூட்டர் தேவைப்படவில்லை. கம்பியில் தொங்கிய பதினேழு சீட்டையும் கண்ணாடி வழியாகப் பார்த்தாள், பத்து டன் சரக்கைத் தன் வீட்டு வாசலில் யாரோ சொல்லாமல் கொட்டிவிட்டுப் போனதுபோல அவளுக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

ஆத்திரம் வந்ததே தவிர அவரிடம் கேட்க வாய் வரவில்லை. அன்றைக்கு ராச்சோறு போடும்போது கேட்டுவிடலாம் என்றுதான் போனாள். அவர் அம்மிக்கல்லை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், கண்ணை மூடி ரசத்தை ருசித்தார், "மயிலா, இந்த ரசத்துக்கு ஒரு கோயிலே கட்டலாம்" என்றார். கேட்டால் இவர் இறங்கிவிடுவார், இறங்கினால் அந்தப் பழைய மனிதரும் தட்டோடு கூடவே வந்துவிடுவாரே என்று நினைத்தாள். கேட்காவிட்டால் நாற்பத்தெட்டாம் நாள் போயே போய்விடுவார். கனக்கிற காலோடு இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மனுஷி எத்தனை நாள் நிற்பாள்? இரண்டு வாரம் நின்றாள்.

நாற்பத்தெட்டாம் நாள் ஆயுத பூஜையாக வந்து வாய்த்தது. ஊர் விட்டுவிடுமா? எடைமேடையைச் சுற்றிப் பந்தல், மேளம், "விண்ணுக்கு ஏறும் எங்கள் மண்ணின் மைந்தரே" என்று செங்கோட்டுவேலு கும்பிடும் படத்தோடு நாற்பதடி பிளக்ஸ், கீழே வாழ்த்துவோர் வரிசையில் இருபத்து மூன்று சிரித்த முகங்கள். லாரிகளெல்லாம் மாலையும் சந்தனமுமாக வரிசை கட்டி நின்றன. கல்லூரி விடுதியிலிருந்து மகள் நிவேதா வந்திருந்தாள், வந்ததும் அப்பாவைப் பார்த்துச் சிரித்து, அம்மாவைப் பார்த்து அழுதாள். மயிலாத்தாள் தார்ப்பாய் கட்டுகிற கயிற்றின் ஒரு முனையை அவர் இடுப்பிலும் மறுமுனையைத் தன் இடுப்பிலும் லாரிக்காரர் முடிச்சாகப் போட்டாள். கல்யாணத்தில் போட்ட முடிச்சைவிட இது கெட்டியான முடிச்சு.

பூசணிக்காய் உடைந்தது. இருவரும் மேடையில் ஏறினார்கள். குப்பண்ணன் லேசாக மிதந்தபடி வந்து செங்கோட்டுவேலின் இடுப்புப் பட்டாவைக் கழற்ற, அவர் கும்பிட்ட கையோடு மெல்ல மேலே எழும்பினார், பந்தலைத் தாண்டி, பிளக்ஸைத் தாண்டி, தெருவிளக்குக் கம்பத்தைத் தாண்டி. மேளம் உச்சத்துக்குப் போனது, லாரிகள் ஒரே நேரத்தில் ஆரன் அடித்தன, நூற்று முப்பது என்று சிவப்பு எண் அசையாமல் நின்றது, கயிறு விண்ணென்று இழுபட்டது. மேடையில் மயிலாத்தாள் ஒருத்தி நின்றாள்.

"கயித்த அவுத்து உடு மயிலா" என்று மேலேயிருந்து தேன் ஒழுகும் குரலில் சொன்னார் செங்கோட்டுவேலு.

"உடறனுங்க. போறவீங்கள நான் எதுக்குப் புடிச்சு வெக்கோணும்? ஆனா எம்மேல எறக்குன சரக்குக்கு யாருங்க கையெழுத்துப் போட்டா?"

மேளம் நின்றது. லாரிக்கார ஊர் அல்லவா, கையெழுத்து என்ற வார்த்தை காதில் விழுந்ததும் டிரைவர்களெல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"அதெல்லாம் மாயை மயிலா."

"மாயைதானுங்களே? கனமே இருக்காது, நீங்களே வெச்சுக்கங்க!"

கூரைகளில் ஒட்டிக் கிடந்தவர்களில் யாரோ ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் தொண்டையைச் செருமினார். மயிலாத்தாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள், அண்ணாந்து பார்த்தாள், கழுத்து வலித்தது, அதுவும் சேர்ந்து கோபமாக வந்தது.

"உங்கப்பாவுக்குக் கண்ணுல சொட்டு மருந்து, தெனம் மூணு வேளை. யாருங்க உடறது?"

"நீதான்" என்றார் அவர். சொல்லிவிட்டு, "நான் உடோணும்" என்றார். சொன்னதும் ஒரு அடி இறங்கினார். மேடைக்கு முன்னால் நின்றவர்கள் "ஓ" என்றார்கள்.

"உங்க தங்கச்சி வூட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு நாம போகுல. ஆறு மாசமா அவ ஏசறத நாங் கேட்டுக்கிட்டிருக்கறேன். அது யாரு கணக்கு?"

"என்னுது."

இன்னும் இரண்டடி இறங்கினார்.

"நிவேதா ஒரு பேப்பர் போயிருச்சுன்னு அழுதது உங்குளுக்குத் தெரியுமா? கீசர் ரிப்பேரு? ரேசன் கார்டுல பேரு தப்பு? வாரம் ஒருக்கா லாரிக்காரன் எடை பத்தலன்னு சண்டைக்கு வாரப்ப எந்திரிச்சு நின்னு பேசறது யாரு?"

அவர் ஒவ்வொன்றுக்கும் "என்னுது, என்னுது" என்றார், ஒவ்வொன்றுக்கும் ஒரு சாண் இறங்கினார், கும்பிட்ட கை தானாகவே பிரிந்து காற்றைத் துழாவியது, தெருவிளக்குக்கு வந்தார், பிளக்ஸில் தன் முகத்துக்கு நேராக வந்தார். அங்கே நின்றுபோனார். பட்டியலில் இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. அதைச் சொல்லக் கூடாது என்றுதான் மயிலாத்தாள் பத்தொன்பது வருஷமாக வைத்திருந்தாள்.

"நம்ம மொதப் பையன்" என்றாள். "பதினோரு நாள் இருந்தான். நீங்க அவனப் பத்தி ஒரு நாள் பேசினதில்லைங்க. பேரு வெக்கறதுக்கு முன்னாடியே போயிட்டான், பேசறதுக்கு என்ன இருக்குதுன்னு எம்மேலயே வெச்சுட்டீங்க. அவன நானே தூக்கிக்கிட்டு நடக்கறேன். மத்ததெல்லாம் கூடப் போகட்டுமுங்க. அவன் ஒருத்தன் என்னால முடியுல."

செங்கோட்டுவேலு முகத்திலிருந்து அந்த வெளிச்சம் போய்விட்டது, அதற்குப் பதில் வேறு ஒன்று வந்தது, அது அழகாக இல்லை, மூக்கெல்லாம் சிவந்து வாய் கோணியிருந்தது. "இளவேலுன்னு வெக்கலாம்னு இருந்தேன் மயிலா" என்று சொன்னார். பிறகு மேலேயிருந்து விழுந்தார், மெல்ல இறங்கவில்லை, வெங்காய மூட்டை விழுவதுபோலத் தொப்பென்று அவள் காலடியில் விழுந்தார்.

முட்டி பெயர்ந்திருந்தது. அவள் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தாள், அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அவன் பாதி எங்கிட்ட, பாதி உங்கிட்ட" என்றார். அவள் தலையாட்டினாள். சரசு அறைக்குள் ஓடிப்போய் ஒவ்வொருவராக நிற்க வைத்துச் சீட்டு எடுத்தாள். அவர் எண்பது. அவள் ஐம்பது. ஐம்பது அவள் கல்யாணத்துக்கு முந்தின எடை, அவர் தியானம் கற்றுக்கொள்வதற்கு வெகு முன்னாலேயே ஒரு பத்து கிலோ அவள்மேல் ஏறியிருந்தது அப்போதுதான் இருவருக்கும் தெரிந்தது.

அதற்கப்புறம் நடந்ததைக் கேட்கவா வேண்டும்? குப்பண்ணனின் மனைவி இடுப்பில் கைவைத்துக்கொண்டு, டயர் கடைக் கூரையில் போய் ஒட்டிக்கொண்டிருந்த புருஷனைப் பார்த்து, "ஏனுங்க, சித்த இங்க பாருங்க" என்றாள், அவர் டயர் அடுக்கின்மேல் விழுந்து இரண்டு முறை துள்ளினார். பிறகு தெருத்தெருவாகப் பெண்கள் அண்ணாந்து நின்று பட்டியல் வாசித்தார்கள், கேஸ் சிலிண்டர் பதிவு, மாமியாரின் மூட்டுவலி, பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டம், எட்டு வருஷத்துக்கு முந்தி சொன்ன ஒரு சொல், அந்த மத்தியானம் முழுக்க கரட்டுப்பாளையத்தில் தொப் தொப்பென்று ஆண்கள் விழுந்துகொண்டே இருந்தார்கள். மினிபஸ் நேராக நின்றது. சாயங்காலம் பெண்கள் எல்லாரும் காரணமே இல்லாமல் ஏரிக்கரைவரை ஓடிப்போய்விட்டு வந்தார்கள்.

தியானத்தை ஊர் விட்டுவிட்டதா என்றால், இல்லை, நல்ல பழக்கத்தை யாராவது விடுவார்களா? முறை மட்டும் மாறியது. கண்ணை மூடுகிறவர் முதலில் ஒரு சீட்டு எழுத வேண்டும், வீட்டில் இருக்கிறவர் பார்த்து, முடியும் என்றால் கையெழுத்துப் போட வேண்டும், கண்ணைத் திறந்ததும் இறக்கினவரே வந்து ஏற்றிக்கொண்டு போக வேண்டும். செங்கோட்டுவேலு காலையில் கால் மணி நேரம் உட்கார்ந்தார். தட்டு பறந்ததா என்றால், ஒரு தடவை பறந்தது, அவரே பொறுக்கினார்.

மார்கழியில் ஒரு காலை மயிலாத்தாள் தானும் ஒரு சீட்டு எழுதி அவரிடம் நீட்டினாள். பத்து நிமிஷம் என்று எழுதியிருந்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவள் கண்ணாடி அறை வாசலில் பாயை விரித்து உட்கார்ந்து கண்ணை மூடினாள். கொஞ்ச நேரத்தில் பாய்க்கும் அவளுக்கும் நடுவில் காற்று புகுந்தது, சேலை முந்தானை ஆடியது, அவர் அந்த முந்தானையின் ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டே மைக்கில், "டிரைவர் எறங்கி நில்லுங்க" என்று சொல்லி ஒரு கரும்பு லாரிக்கு எடை போட்டார்.

முழங்கால் உயரத்தில் அவள் நின்றுவிட்டாள். மூடிய கண்ணோடு, நெற்றி சுருங்கியது.

"ஏனுங்க, அடுப்புல பாலு..."

"எறக்கி வெச்சுட்டேன். கேஸையும் மூடிட்டேன்."

நெற்றி விரிந்தது. மயிலாத்தாள் கண்ணைத் திறக்காமலேயே சிரித்தாள், சிரித்தபடியே இன்னும் ஒரு முழம் மேலே போனாள்.